அக்காவுக்கு ஒரு விலை, தங்கைக்கு ஒரு விலை

பேசுகிறவர்களின் நேரத்தையும் கேட்கிறவர்களின் பொறுமையையும் ஒரே கைக்கடிகாரத்தில் காத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! அழைத்த நாள் முதல் மேடையேற்றிய நிமிடம் வரை என்னை விடாமல் துரத்திய செயலாளர் அவர்களே! சாரம் கட்டிச் சிகரம் தொட்ட கைகளுக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே! செங்கல்லையும் சுமந்து, குடும்பத்தையும் சுமந்து, இரண்டையும் இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்கும் என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

ஆயுள் காப்பீட்டுக்கு மாதாமாதம் நாம் கட்டும் தொகையை எது தீர்மானிக்கிறது? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பை அறிவித்ததுமே நான்காவது வரிசையில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். பார்த்தேன் ஐயா, பார்த்தேன்! வாயை மூட வேண்டாம். இந்தக் கதை முடிவதற்குள் உங்கள் வாய் வேறு காரணத்துக்காகத் திறந்திருக்கும்.

என் வேலை என்ன தெரியுமா? நான் காப்பீட்டு நிறுவனத்தில் மதிப்பீட்டாளர். இன்னாருக்கு இவ்வளவு என்று மாதத் தொகையை முடிவு செய்கிற மேசை என்னுடையது. காய்கறிக்கு விலை சொல்பவர் காய்கறியைப் பார்த்துச் சொல்கிறார். துணிக்கு விலை சொல்பவர் துணியைத் தொட்டுச் சொல்கிறார். நான் முகம் பார்க்காத மனிதருக்கு, இன்னும் வராத நாளுக்கு, வரவே கூடாத ஒன்றுக்கு விலை சொல்கிறவள். எப்படிச் சொல்கிறேன்? எதை வைத்துச் சொல்கிறேன்? வாருங்கள், இரண்டு பெண்களைக் காட்டுகிறேன்.

இரட்டைப் பிறவிகள். ஒரே கருவில் உருவாகி, ஒரே வயிற்றில் இருந்து, ஒரே நாளில் பிறந்தவர்கள். அதே மூக்கு, அதே முன்பல், அதே முன்கோபம்! சற்று முன்னால் வெளியே வந்தவள் அக்கா. அந்தச் சற்று நேரத்து மூப்பை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதிகாரம் செய்தவள். அவள் உங்கள் இனம், கட்டடத் தொழிலாளி. உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறாள். தினமும் ஏணி ஏறி, உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே தெரியும் தரையைப் பார்த்தபடி இரும்புத் தூண்களைத் தூக்கி நகர்த்துகிறவள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பருந்து.

தங்கை ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். அடுப்பறையின் அனலில் நின்று மாவு பிசைந்து, தட்டுத் தட்டாக உள்ளே தள்ளி, வெளியே இழுப்பவள். கணவர் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆக, அந்தக் குழந்தைகளுக்கு அம்மா இரண்டு, அதட்டல் இரண்டு, ஆனால் அன்பு மட்டும் எண்ணிக்கையில் அடங்காது.

ஒருநாள் காற்று பலமாக அடித்தது. கூண்டு ஆடியது. அக்கா பத்திரமாக இறங்கிவிட்டாள். ஆனால் இறங்கி வரும்போதே ஒரு முடிவோடு இறங்கினாள். நேரே ரொட்டிக்கடைக்குப் போய்ச் சொன்னாள்.

“ஏண்டி, நான் ஒரு ஆயுள் காப்பீடு போடப் போறேன். எனக்கு ஏதாவது ஆனா பணம் புள்ளைங்களுக்கு.”

“திடீர்னு என்ன? மேல ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடிதான போடணும்? ஆனப்புறம் எவன் குடுப்பான்?”

தங்கை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அப்ப நானும் போடுறேன். உனக்குத் துணையா.”

துணைக்கு! கவனியுங்கள் தாய்மார்களே. ஆபத்து அக்காவுக்கு என்று அக்கா நினைத்தாள், தங்கை நினைத்தாள், அந்தத் தெருவே நினைத்தது. தங்கை வந்தது வெறும் துணைக்கு.

முகவர் வந்தார். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். அக்காவின் தொழிலைக் கேட்டதும் பேனாவை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கிரேன்னு போட்டா தொகை ஏறும்மா. ஆபீஸ் வேலைன்னு போட்டுக்கலாம். யாரு வந்து பாக்கப் போறா?”

அக்கா கேட்டாளே ஒரு கேள்வி!

“சரிங்க. நாளைக்கு நான் மேலருந்து விழுந்தா, ஆபீஸ் நாற்காலியிலருந்து விழுந்தேன்னு நீங்க வந்து சாட்சி சொல்வீங்களா?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! முகவர் சிரிக்கவில்லை. கிரேன் என்றே எழுதினார். மறைத்து எழுதியிருந்தால் மாதத் தொகை குறைந்திருக்கும், மெய்தான். ஆனால் நாளை ஒன்று நடந்து, அந்தப் பொய் வெளியே வந்தால், குழந்தைகள் கையில் மிஞ்சுவது என்ன? கட்டியது போய், கிடைக்க வேண்டியதும் போய், வழக்கும் வாய்தாவும்தான் மிஞ்சும்.

இரண்டு படிவங்களும் என் மேசைக்கு வந்தன. மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் வந்தன. நான் தொகையைக் குறித்து அனுப்பினேன். சில நாட்களில் என் அறைக் கதவு தட்டப்படவில்லை, தள்ளப்பட்டது. புருவத்தில் மாவு ஒட்டியிருக்க, தங்கை நின்றாள். பின்னால், அவளை அடக்க முடியாமல் அக்கா.

“நீங்கதான் விலை போடுறவங்களா மேடம்?”

“உக்காருங்கம்மா.”

“உக்கார வரல. இவ வானத்துல தொங்குறா. நான் தரையில நிக்கிறேன். ஒரே வயசு, ஒரே காப்பீடு, ஒரே காலம். இவளவிட எனக்கு எப்படி அதிகம்? தராசு தலைகீழா புடிச்சிட்டீங்களா?”

அவையோரே, அவள் கேட்டது நியாயமான கேள்விதானே? நீங்களே சொல்லுங்கள், ஆயுள் காப்பீட்டின் மாதத் தொகையை எது தீர்மானிக்கிறது?

யாரோ “வயசு” என்கிறீர்கள். சரியான விடை! இளமையில் சேர்ந்தால் குறைவு, முதுமையில் சேர்ந்தால் கூடுதல். ஆனால் இவர்களுக்கு வயது ஒன்று. வேறென்ன? எவ்வளவு பெரிய தொகைக்கு? எத்தனை ஆண்டுக் காலத்துக்கு? இறந்தால் மட்டும் கொடுப்பதா, இருந்தாலும் திருப்பிக் கொடுப்பதா? இருந்தாலும் கொடுப்பதென்றால் மாதத் தொகை ஏறத்தானே செய்யும்! அவையெல்லாம் இருவருக்கும் ஒன்று. புகை உண்டா? இருவருக்கும் இல்லை. கதவோரம் நிற்கும் தம்பி சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார். தம்பி, உங்களுக்கு அது கூடும், வீட்டுக்குப் போய் யோசியுங்கள். பெற்றோருக்கு இளமையில் இதய நோய் உண்டா? இருவருக்கும் ஒரே பெற்றோர் அல்லவா!

மிஞ்சியவை இரண்டு. தொழில், உடல். தொழிலுக்காக அக்காவுக்குக் கொஞ்சம் ஏற்றினேன். தினமும் ஏணி ஏறி இறங்கும் அந்த உடம்போ, தட்டிப் பார்த்தால் வெண்கலம். தங்கைக்குத் தொழிலில் ஏற்றவில்லை. ஆனால் ரத்த அழுத்தம்! பரிசோதகர் அளந்தார், ஓய்வெடுக்கச் சொல்லி மறுபடி அளந்தார், வேறொரு நாள் வரச்சொல்லி அளந்தார். இறங்கவே இல்லை.

இதைச் சொன்னேன். அவள் கோபம் ஒரு படி இறங்கியது.

“தலைவலி அடிக்கடி வரும். அடுப்புச் சூடுன்னு விட்டுட்டேன்.”

அக்கா மேசையில் இரு கைகளையும் ஊன்றினாள். “மேடம், அவளுக்கு ஏத்துனத எல்லாம் என் மேல ஏத்திடுங்க. தினம் ஏறுறவ நான்தான? எனக்குப் பழக்கம்.”

அப்படி மாற்றி ஏற்ற என் சட்டத்தில் இடமில்லை. இருந்திருந்தால் ஏற்றியிருப்பேன் அன்று.

தங்கை அங்கிருந்து நகரவில்லை. அவளுக்குள் ஒரு கேள்வி கொக்கி போட்டு நின்றுவிட்டது.

“அது சரி மேடம். எனக்கு இருக்கு, இவளுக்கு ஏன் இல்ல? ரெண்டு பேரும் ஒரே அச்சுதான?”

என் வேலை அழுத்தத்துக்கு விலை போடுவது. அது ஏன் வந்தது என்று தேடுவது அல்ல. “டாக்டர்கிட்ட இதையே கேளுங்க,” என்றேன். “இதே வார்த்தைல கேளுங்க.”

போனார்கள். கேட்டார்கள். அந்த மருத்துவர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தவர். கேள்வியைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கீங்க. ஒருத்தருக்கு மட்டும் இந்த வயசுல இவ்வளவு ஏன்? நல்ல கேள்விம்மா. படுங்க, பாக்கலாம்.”

நெஞ்சில் வைக்கும் ஸ்டெதஸ்கோப்பை அவள் வயிற்றில் வைத்தார். தொப்புளுக்கு மேலே, சற்று ஓரமாக. அறையில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொரு நாடித் துடிப்போடும் உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். குறுகிய குழாயில் தண்ணீர் நெருக்கியடித்துப் போகும்போது எழுமே, அந்தச் சத்தம்!

சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று, அவளுக்கு மட்டும், ஓரிடத்தில் நெரிந்து குறுகியிருந்தது. ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் ஓயாமல் முறையிட, உடம்பு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருந்தது. அடுப்புச் சூடல்ல, அலைச்சல் அல்ல, விதியும் அல்ல! அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்டாள். மருத்துவர் மூளையைச் சொன்னார், இதயத்தைச் சொன்னார். பாதியிலேயே அக்கா போதும் என்று கையைக் காட்டிவிட்டாள்.

தொடை வழியே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன் நுனியில் சின்னஞ்சிறு பலூனை ஊதி, அந்தக் குழாயை விரிக்க நாள் குறித்தார்கள். அந்தக் காலையில் நானும் போயிருந்தேன். ஏன் போனேன்? விலை சொன்னவளுக்கு விடை தெரிந்துகொள்ளும் ஆவல் இருக்காதா! முகில் உரசும் உயரத்தில் கை நடுங்காத பருந்து, மருத்துவமனையின் நடைபாதை பெஞ்சில் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவையே பார்த்தபடி, கைக்குட்டையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“மேல கூண்டு ஆடும்போதுகூட இப்படி இல்ல மேடம். அங்க பிடிச்சுக்க ஒரு கைப்பிடி இருக்கும்.”

நான் என் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். இரும்புப் பிடி ஐயா! கதவு திறந்து மருத்துவர் சிரித்த முகத்தோடு வரும் வரை விடவில்லை.

குழாய் விரிந்தது. அடுத்த வாரங்களில் அழுத்தம் படிப்படியாக இறங்கியது. தலைவலி விடைபெற்றது. எங்கள் நிறுவனம் பொறுத்திருந்து, திரும்பப் பரிசோதித்து, அவளுடைய மாதத் தொகையைக் குறைத்தது. இப்போது அக்கா கட்டுவதைவிடத் தங்கை கட்டுவது குறைவு. உத்தரவைக் கையில் கொடுத்தபோது கேட்டேன்.

“இப்பவாவது சந்தோஷமா?”

அவள் சொன்னாள். “குறைச்சதுக்கு இல்ல மேடம். அன்னிக்கு அதிகமா கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் சந்தோஷம். அக்காவுக்குப் போட்டதையே எனக்கும் போட்டிருந்தா, நான் பேசாம கட்டிட்டுப் போயிருப்பேன்.”

நான்காவது வரிசைப் பெரியவர் வாயைத் திறந்தபடி இருக்கிறார். கொட்டாவி அல்ல என்று நம்புகிறேன்!

அவையோரே, ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். நாங்கள் அவளைக் காப்பாற்றுவதற்காகக் கூடுதலாகக் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு நட்டம் வரக்கூடாது என்றுதான் கேட்டோம். அவள் உயிரைக் காத்தது எங்கள் கருணையா? இல்லை! அவளுடைய கோபமா? கோபம் அவளை என் கதவு வரைதான் கொண்டுவந்தது. அதற்கு மேல் அவளைக் கொண்டுபோனது அவள் கேட்ட ஏன்! எனக்கு ஏன்? இவளுக்கு ஏன் இல்லை? எங்கள் மேசை அந்த ஏனுக்குப் பாதி விடை சொன்னது. மீதியை மருத்துவரின் காது சொன்னது.

கூடுதல் தொகை வந்தவருக்கெல்லாம் கொடிய நோய் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, அஞ்ச வேண்டாம். ஆனால் அடுத்த முறை உங்களுக்கொரு தொகை வரும்போது, முணுமுணுத்துக்கொண்டே கட்டாதீர்கள். முகம் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். கேளுங்கள்! என் வயதாலா? என் வேலையாலா? என் பழக்கத்தாலா? என் உடம்பாலா? உடம்பால் என்றால், என் உடம்பில் என்ன? கேட்கக் கூச்சமா? உங்கள் உயிரைப் பற்றிக் கேட்க, உங்களைவிட உரிமை யாருக்கு? உயரத்தில் உழைப்பவர்களே, உண்மையை எழுதுங்கள், உரக்கக் கேளுங்கள், விடை வரும் வரை என் போன்றவர்களின் மேசையை விட்டு எழாதீர்கள்!

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நான் தலைவரைப் பார்த்துவிட்டேன். உழைத்துக் களைத்த உடலோடு வந்து, இவ்வளவு நேரம் உள்ளத்தைக் கடன் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நீங்கள் எழுப்பும் கட்டடங்களைவிட நீண்ட ஆயுளோடு நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.