ஹேண்டில்பாரில் பழைய ஜிபிஎஸ்

ஜூன் 14, சனி. வழக்கம்போல் காய்கறி வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட ஆழ்வார்பேட்டையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பைக்கில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஹேண்டில்பாரில் கீறல் விழுந்த பழைய ஜிபிஎஸ்.

“நம்ம வூடு எங்க கீதுன்னே இதுக்குத் தெரியல,” என்றாள் அவள். “‘வீடு’ன்னு அமுக்குனா ஆதம்பாக்கம் போவுது. உன் மாமா பொண்ணு வூட்டுக்கு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி அங்க தங்கிக்கினு இருந்தேன்ல, அப்ப போட்டது.”

“நான் வாங்கிக் குடுத்த புதுசு பொட்டியிலயே தூங்குது.”

“இது நல்லாத்தானே ஓடுது?”

“அப்ப மந்தைவெளின்னு மாத்து.”

“நம்ம வூட்டுக்கு வழி எனக்கே தெரியும்மா.”

“அவ வூட்டுக்கு மட்டும் தெரியாதா? அழி, இப்பவே.”

வரிசை இன்னும் நகரவில்லை. அவன் மட்டும் வண்டியை முன்னால் தள்ளினான்.

மறுநாள் காலை, காபி போடுவதற்கும் முன்பாக, என் கணவரின் கைபேசியை எடுத்து, மேப்பில் ‘வீடு’ எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பார்த்தேன்.