ஈஸ்டர் ஹாமின் எட்டாவது பொருள்

டச்சு அவன் என்கிற கனத்த இரும்புப் பானையில் பன்றித்தொடை ஹாம் வைப்பதென்றால் முதலில் மூடியைத்தான் பார்க்க வேண்டும், தம்பி. மூடி சரியாக உட்காராவிட்டால் மற்றதெல்லாம் வீண். என் பானை நீல எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. காலியாகத் தூக்கினாலே மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கல்யாணத்துக்கு என் அக்கா கொடுத்தது. முழுத் தொடை அதில் நுழையாது. என் வீட்டுக்காரர் டெல்பர்ட்தான் ஒவ்வொரு வருடமும் ரம்பத்தால் அறுத்துக் கொடுப்பார். அறுத்துவிட்டு மூடியை வைத்துப் பார்த்து, அது தூக்கிக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு விரற்கடை அறுப்பார்.

நீங்கள் லூயிவில் பக்கத்துப் பிள்ளை. நகரத்துக் கடையில் தண்ணீர் ஊசி போட்டு விற்கும் ஹாமைத் தின்று வளர்ந்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஹாம் வேறு. டிசம்பர் குளிரில் பன்றித் தொடையை எடுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து தேய்த்து, பெட்டியில் புதைத்து வைப்பார்கள். பிறகு கழுவி, ஹிக்கரி விறகுப் புகையில் காட்டி, கொட்டகை உத்தரத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொங்கவிடுவார்கள். மேலே பூசணம் படியும், பயப்படக் கூடாது. அந்த உப்பு எலும்புவரை போயிருக்கும். அதனால் சமைப்பதற்கு முன் இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நான்கு முறையாவது தண்ணீரை மாற்ற வேண்டும். அப்போதுதான் அது சாப்பாடு.

டெல்பர்ட் உப்புத் தேய்ப்பதில் கெட்டிக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால் இதயம் பழுதான பிறகும் அதை விடவில்லை. "தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே, திங்கக் கூடாதுன்னுதான சொன்னாரு" என்பார். அவருக்கு உப்பு ஆகாது. உப்பு உள்ளே போனால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். ஒரே நாளில் மூன்று பவுண்டு ஏறினாலோ, ஒரு வாரத்தில் ஐந்து ஏறினாலோ உடனே போன் செய்ய வேண்டும்.

மூன்று வருடம் நான் உப்பில்லாமல் சமைத்தேன், நானும் அதையே சாப்பிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு மட்டும் ஹாம். இரண்டு நாளை மூன்று நாளாக்கி, ஆறு முறை தண்ணீர் மாற்றி, வேகவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, அவருக்கு மெல்லியதாக இரண்டே துண்டு வைப்பேன். அவரும் அதை அரைமணி நேரம் தின்பார்.

இனி நான் பூசும் பாகைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சோளப்பாகு, பழுப்புச் சர்க்கரை, கடுகு விழுது, ஆப்பிள் காடி, போர்பன் விஸ்கி, மிளகு, கிராம்பு. இந்த ஏழும் ஊருக்கே தெரியும். யார் கேட்டாலும் தாளில் எழுதிக் கொடுப்பேன். எங்கள் ஊரில் சமையல் குறிப்பு கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். வாங்கிப் போகிறவளுக்கும் அது தெரியும். அவளும் நாளைக்குத் தன்னுடையதை அப்படித்தான் கொடுப்பாள். இதை யாரும் பொய்யென்று சொல்வதில்லை, மரியாதை என்றுதான் சொல்கிறோம்.

நான் விட்டுவிடுவது பீச் ஊறுகாய்ச் சாறு. கோடையில் பட்டையும் இஞ்சியும் போட்டு ஜாடியில் அடைத்து வைக்கும் முழு பீச்சுகளின் சாறு, அரைக் கோப்பை. அதுதான் பாகைக் கண்ணாடிபோல் பளபளக்க வைக்கும். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். என் மணிக்கட்டுக்கு ஜாடி மூடி திறக்க வராது. டெல்பர்ட் திறந்து கொடுப்பார். சாறு எனக்கு, பழம் அவருக்கு. நாற்பத்து நான்கு வருடம் இப்படித்தான்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அழகி இல்லை, பாடத் தெரியாது. ஈஸ்டர் ஞாயிறு சபைக்கூட விருந்தில் என் ஹாமைக் கண்டதும் வரிசை திரும்பி நிற்கும். வருடத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என்னுடையது.

இந்த மார்ச் மாதம் எங்கள் சபைக்கு நூறு வயது. அதற்காகப் பெண்கள் சேர்ந்து ஒரு சமையல் புத்தகம் போட்டார்கள். ரோவீனா டாக்கெட்தான் பொறுப்பு. பக்கத்துத் தெருக்காரி, எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி. ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே கொடுத்தவள் பெயர் இருக்கும். நான் தக்காளிப் பச்சடி கொடுத்திருந்தேன். புத்தகம் வந்த அன்று கூடத்தில் நின்றபடி புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் "ரோவீனாவின் ஈஸ்டர் ஹாம், டச்சு அவனில்" என்று இருந்தது. சபைப் புத்தகம் என்பதால் போர்பனை ஆப்பிள் ரசம் என்று மாற்றியிருந்தார்கள், அது எல்லோருக்கும் புரியும். ஏழு பொருளையும் படித்துச் சிரித்துக்கொண்டேன். எட்டாவதாக, பீச் ஊறுகாய்ச் சாறு, அரைக் கோப்பை.

நான் அழவில்லை. புத்தகத்தை மூடி, கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

டெல்பர்ட் டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரோவீனாவிடம் சொன்னது அவர்தானா என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். புத்தகம் வந்துடுச்சா? எங்க, காட்டு."

"கூடத்துலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றேன்.

"மூஞ்சிய ஏன் அப்படித் தூக்கி வச்சிருக்க? ஒரு ஹாம்தான, ஜீன். நாம போறப்ப தலையில தூக்கிட்டா போகப் போறோம்?" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நீங்கள் சற்றுமுன் கேட்டீர்கள், அவருக்கும் ரோவீனாவுக்கும் நடுவே ஏதாவது இருந்ததா என்று. கேட்பது உங்கள் வேலை, தப்பில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆண்களுக்குப் புத்தி போவதும் வருவதும் ஊர் கண்டதுதான். நான்கு நாள் பாத்திரத்தை உருட்டிவிட்டு மன்னித்திருப்பேன். இது அப்படிப்பட்டது இல்லை. என்னிடம் இருந்த ஒன்றை, பந்து கூடையில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிட்டார். உப்பில்லாத மூன்று வருடச் சாப்பாடும் அன்றைக்குத்தான் எனக்குக் கசந்தது.

புனித வியாழனன்று அவர் ஹாமை இறக்கி, அறுத்து, மூடி பொருத்திப் பார்த்துக் கொடுத்தார். நான் பானையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு அடுப்படியில் சிறிது நேரம் நின்றேன். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஹாமைத் துடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை ஆப்பிள் ரசம் ஊற்றி, மூடி போட்டு, மெல்லிய சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தேன். தோலை உரித்து, கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பு குத்தி, பாகை நான்கு பூச்சு பூசினேன். பீச் சாறும் ஊற்றினேன், ஜாடியை அவர்தான் திறந்தார். சபைக்கு இந்த வருடம் எடுத்துப் போகவில்லை. மணிக்கட்டு வலி என்று சொல்லிவிட்டேன்.

முதல் துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "ஜீன், ஊற வச்சியா?" என்று கேட்டார்.

"எப்பவும் போலத்தான்" என்றேன்.

"இப்படி ஒரு ருசிய நான் தின்னு மூணு வருஷம் ஆச்சு. டாக்டருக்குத் தெரிஞ்சா உன்னப் பிடிச்சு உள்ள போட்டுடுவாரு" என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாவது துண்டு கேட்டார், வைத்தேன். நான்காவதை அவரே எடுத்துக்கொண்டார். நான் எதையும் வாயில் திணிக்கவில்லை, தம்பி.

இரண்டு பேருக்கு அரைத்தொடை ஹாம் பத்து நாள் வரும். திங்களன்று ரொட்டிபோல் மெத்தென்ற பிஸ்கட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். செவ்வாயன்று வாணலியில் வறுத்து, அதில் உருகிய கொழுப்பில் கறுப்புக் காப்பி ஊற்றிக் குழம்பு. அவருடைய அப்பா இருந்தபோது சாப்பிட்டது என்று தட்டை வழித்தார். புதன்கிழமை முட்டையோடு. அப்புறம் எலும்பைப் போட்டு வெள்ளை மொச்சை.

எடை இயந்திரத்தின் அடியில் சிறிய சக்கரம் ஒன்று இருக்கிறது, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர. டெல்பர்ட்டால் குனிந்து பார்க்க முடியாது, நான்தான் படித்துச் சொல்வேன். இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. தினமும் காலையில் அவர் எழுந்திருக்கும் முன், முள் குறைத்துக் காட்டும்படி சக்கரத்தை ஒரு நூலளவு திருப்பினேன். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குப் பொய் சொல்ல வராது. முள் எதைக் காட்டியதோ அதைத்தான் படித்தேன், அதைத்தான் காலண்டரில் எழுதினேன்.

கால் வீங்கியது. காலுறையின் வார் சதையில் பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்து, அவருக்கு வலிக்கக் கூடாது என்று எல்லாக் காலுறைகளின் வாரையும் கத்தரித்துவிட்டேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். இரண்டு தலையணை மூன்றானது, நான்கானது. பிறகு நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினார். கால்மாட்டில் போர்வை போர்த்திவிட்டேன். என்னைவிட யாரும் அவரை நன்றாகக் கவனித்திருக்க முடியாது.

சனிக்கிழமை கேட்டார். "டாக்டருக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலாமா, ஜீன்?"

"எடை ஏறலையே" என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். ஏழு நாளும் ஒரே எண். "அப்ப சரி. நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்றார்.

அடுத்த செவ்வாய் காலை, மொச்சைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்தார். உதடு நீலமாகிவிட்டது. என்னைப் பார்த்துக் கை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். கை தளர்ந்த பிறகு பானையில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தேன், அடியில் மொச்சை பிடித்திருந்தது. பிறகு போன் செய்தேன். ஆம்புலன்ஸ் பிள்ளைகள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். இதய நோயாளி, எதிர்பார்த்ததுதான் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இங்கே சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். அடக்கத்தன்று ரோவீனா தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஹாம், என் பாகு பூசியது. நன்றாகவே பளபளத்தது. அடுக்களையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஜீன், ஒரு பாவம் பண்ணிட்டேன்டீ. அந்த ஹாம் புத்தகத்துல உன் பேர்லதான் வந்திருக்கணும். டெல்பர்ட் அதுக்குத்தான் வந்து சொன்னாரு. 'அவ வாயால குடுக்க மாட்டா, எங்களுக்குப் பின்னாடி பேர் சொல்லப் பிள்ளை குட்டியும் இல்ல, அவ பேராவது இதுல நிக்கட்டும், ஈஸ்டருக்கு நானே படிச்சுக் காட்டறேன்'னு சொல்லிக் குடுத்தாரு. நான்தான் ஆசைப்பட்டு என் பேரப் போட்டுக்கிட்டேன். அவர் என்னத் திட்டலையா? உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

எனக்குக் கோபம் வந்தது, டெல்பர்ட் மேல்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து நாள் எதிரில் உட்கார்ந்து தின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தைக் கூடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கலாம், நடக்க முடியவில்லை என்றால் யாரையாவது எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். அது என் கைப்பையிலேயே இருந்தது என்பது வேறு விஷயம்.

ரோவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் ஹாமுக்கு இடம் பண்ணக் குளிர்பெட்டியைத் திறந்தாள். என் ஹாமின் கடைசித் துண்டு தட்டில் இருந்தது. சமைக்கிற கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, ஒரு நாரைப் பிய்த்து வாயில் போட்டாள். உடனே தொட்டியில் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜீன், இத நீ ஊறவே வைக்கல."

நான் குழாயை மூடினேன். எங்கள் ஊர்ப் பெண்ணிடம் அந்த விஷயத்தில் பொய் செல்லாது. அவள் அந்தத் துண்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக உங்கள் போலீஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்துக்கொண்டது போதவில்லை போலிருக்கிறது.

ஆக, நான் செய்தது இது. ஊறவைக்கவில்லை, சக்கரத்தைத் திருப்பினேன், போன் செய்யவில்லை. அவர் செத்துப்போவார் என்று தெரியும், தெரிந்தேதான் செய்தேன். இதில் ஒரு வரியையும் மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இந்தத் தாளில் "கணவருக்கு உப்புக் கொடுத்துக் கொன்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஹாமுக்கு உப்புத் தேய்த்தது டெல்பர்ட்டின் கை. நான் அதில் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.