காது சில்லிட்ட முயல்கள்

எனக்கு இடுப்பு வலி, சார். உட்கார்ந்தே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீசை முளைக்கும் முன்னாலேயே காசிமேட்டில் ஐஸ் பார் தூக்கியவன். முதுகில் வைத்துப் படகுக்குக் கொண்டு போவதற்குள் கொஞ்சம் உருகி இடுப்பில் இறங்கும். தண்ணீர் வழிந்து போய்விட்டது, குளிர் மட்டும் எலும்பில் தங்கிவிட்டது என்று என் மனைவி பச்சையம்மாவிடம் சொல்வேன். "வேலைக்குப் போவாம குந்திக்கினு இருக்கறதுக்கு இன்னா டயலாக் வுடுது பாரு" என்பாள். அவள் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது.

அந்த இடுப்பினால்தான் முயல் வேலைக்கு வந்தேன். மாதவரம் பக்கம் ஒரு சோதனைக்கூடம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டில்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில பாட்டில்கள் அங்கே வரும். அந்தத் தண்ணீரை மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றுவார்கள். தண்ணீரில் கிருமி விட்டுப்போன விஷம் இருந்தால் முயலுக்குக் காய்ச்சல் வரும். முயலுக்கு வந்தால் மனிதனுக்கும் வரும். ஊசி போடுவது சௌமியா மேடம். அதன்பின் அரை மணிக்கு ஒரு தரம் முயலின் பின்பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, எவ்வளவு சூடு என்று எழுதுவது நான். குப்பமே சிரித்தது. என் மச்சான் பொன்ராஜ், பச்சையம்மாவின் தம்பி, ஆள் சேர்ந்த இடத்தில் எல்லாம் கேட்பான்: "இன்னா மாமா, டாக்டராயிட்டியாமே? எந்த எடத்துக்கு டாக்டருன்னு போர்டுல எழுதிக்கோ."

சிரிப்பு பரவாயில்லை. குனிவதுதான் முடியவில்லை. முயலைத் தலை மட்டும் வெளியே தெரிகிற பெட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள். பின்பக்கம் போய் இரட்டையாக மடங்கினால்தான் வேலை நடக்கும். ஐஸ் தூக்கியபோதாவது நிமிர்ந்து நடந்தேன்.

சில மாதத்தில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். காய்ச்சல் ஏறும்போது முயலுக்கு உள்ளே சூடாகும், காது சில்லிட்டுப்போகும். காதைத் தொட்டால் போதும், குனிய வேண்டாம். கொஞ்ச நாள் தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்த்தேன், பெரும்பாலும் சரியாக வந்தது. பெரும்பாலும் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தொட்டு, மனதில் பட்ட சூட்டை எழுதினேன். முயலுக்கும் தொல்லை இல்லை. மேடம்கூட ஒரு தரம், "எப்படிண்ணா உங்ககிட்ட மட்டும் துள்ளாம இருக்கு?" என்று கேட்டார். "நம்ம கைராசி மேடம்" என்றேன். வாயில்லாத உயிர்களிடம் இரக்கம் உள்ளவன் என்று என்னைப் பற்றி நானே முடிவு செய்துகொண்டது அப்போதுதான்.

ஒரு சனிக்கிழமை மூன்று காதும் சில்லென்று இருந்தன. நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு நான் நிஜமாகவே குனிந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். சூடு ஏறிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும். அப்படி வந்தால் இன்னும் ஐந்து முயல்களை எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பது சட்டம். ஐந்து முயல் என்றால் பொழுது சாயும்வரை குனிந்து எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு முகத்துவாரக்குப்பத்தில் பொன்ராஜ் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மட்டன் பிரியாணி. அத்தை புருஷன் பந்திக்கு வரவில்லை என்றால் பேச்சு வரும். சூடு ஏறவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். மேடம் கையெழுத்துப் போட்டார். அவர் என்னை நம்பினார், அவரை விட்டுவிடுங்கள். பிரியாணியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

பிறகு ஒரு நாள் பொன்ராஜுக்கு வாந்திபேதி. கடலிலிருந்து கரைக்கு வரும்போதே கண் சொருகிவிட்டது. ராயபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் எல்சி என்று ஒரு பெண். காய்ச்சல் விட்டு அசதி மட்டும் மிச்சம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் டென்னிஸ், ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவன். தனக்கு வாங்கிய பன்னில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தான்.

மத்தியானம் நர்ஸ் சுஜா பொன்ராஜுக்கு ஏற்ற ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். லேபிளைப் பார்த்தேன். என் ஆதார் நம்பர் எனக்குத் தெரியாது, சார். அந்தச் சனிக்கிழமை பேட்ச் நம்பர் தெரிந்தது.

"சிஸ்டர், இந்த கம்பெனி பாட்டிலு வேணாம். நம்ம ஆளுக்கு ஒத்துக்காது. நான் வெளிய வேற வாங்கியாறேன்."

"உப்புத் தண்ணியிலகூடவா கம்பெனி பாப்பீங்க?" என்றாள்.

பொன்ராஜ் படுத்தபடியே சொன்னான்: "அவரு முயலுக்கே டாக்டரு சிஸ்டர். சொன்னா கேட்டுக்க."

எல்லோரும் சிரித்தோம். எல்சியும் சிரித்தாள். கொண்டுவந்த பாட்டிலைத் திருப்பி எடுத்துப் போவானேன், அசதிக்கு ஆகட்டும் என்று சுஜா அதை எல்சியின் ஸ்டாண்டில் மாட்டினாள். அப்போது என் வாய் திறந்துதான் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன்.

கெட்ட தண்ணீர் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மருந்துக் கடைக்கு நடந்தேன். நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினேன்.

திரும்பி வந்து பொன்ராஜுக்கு ஏற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எல்சிக்கு நடுக்கம் வந்தது. "அண்ணே, கால கொஞ்சம் புடி, கட்டிலே ஆடுது" என்றான் டென்னிஸ். பிடித்தேன். போர்வையை இழுத்து மூடும்போது என் விரல் அவள் காதில் பட்டது. எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் ஓடிவந்தார். பிரஷர் இறங்குகிறது, வேகமாக ஏற்று, இன்னொரு பாட்டில் போடு என்றார். சுஜா அதே பெட்டியிலிருந்து எடுத்தாள். அந்த லேபிளையும் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இல்லை, தாரையாகவே இறங்கியது. அதுவரை நான் காலை விடவில்லை. "இன்னொரு போர்வ குடுங்க சிஸ்டர்" என்று சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். விளக்கு வைப்பதற்கு முன்னால் எல்சி போய்விட்டாள்.

டென்னிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "எங்க ஆளுங்ககூட இவ்ளோ பண்ணலண்ணே" என்றான். அடக்கத்துக்கு அவனுக்குத் துணையாகப் போனேன். கல்லறையில் அவன் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினான், மெழுகுவர்த்தியை நான்தான் ஏற்றினேன். பொன்ராஜ் தேறி மறுவாரமே கடலுக்குப் போனான். வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டேன்.

நீங்கள் என்னைப் பிடித்தது பொய்ச் சூடு எழுதியதற்காக. அதற்குப் புழல் ஜெயிலில் போடுங்கள், குனிகிற வேலை மட்டும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி விஷயம் உங்களுக்குத் தெரியாது, நானாகத்தான் சொல்கிறேன். முதல் பாட்டிலை மச்சானிடமிருந்து தள்ளிவிட்டவன் நான். இரண்டாவது ஏறும்போது அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தே பேசாமல் இருந்தவனும் நான். அந்த பேட்சினால் வேறு ஊர்களிலும் சிலர் விழுந்தார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். அவர்களை நான் பார்த்ததில்லை, அவர்களை என் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்குத் தெரிந்து நான் தர வேண்டியது ஒன்றுதான். டென்னிஸுக்கு ஒரு பெண்டாட்டி பாக்கி.