ஐந்து ஓட்டைச் சக்கரம்

யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கருவாட்டு வியாபாரியும் அவருடைய டிரைவரும் பழைய பட்டாள லாரிச் சக்கரம் ஒன்றோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, இதுல அஞ்சு ஓட்டைதான் இருக்கு," என்றார் டிரைவர்.

"இருந்தா என்னலே?"

"நம்ம வண்டியில ஆறு போல்ட்டுல்லா."

வியாபாரி விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "கடையில பாக்கும்போது ஆறு இருந்துச்சே?"

"அது பக்கத்துல கெடந்த சக்கரம். நம்ம கூட சக்கரம் வாங்க வந்த உப்பளத்துக்காரரு அத மாத்தித் தூக்கிட்டுப் போனாரு."

"நாளைக்கு மக கல்யாணம். பொண்ண எதுலலே கூட்டிட்டுப் போறது?"

டிரைவரும் ஒரு தடவை ஓட்டைகளை எண்ணினார். வியாபாரியே கேட்டார்.

"அவரு வண்டிக்கு எத்தனை போல்ட்டு?"

"அஞ்சு."

வியாபாரி பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இருவரும் இறங்கி, சக்கரத்தை உருட்டியபடி தூத்துக்குடிப் பக்கம் திரும்பினார்கள்.

"வெரசா வாலே. அந்த மனுசன் ஆறாவது போல்ட்டத் தேடிட்டு இருப்பாரு."