சத்தம் பொறக்குற எடம்

அந்த மூலையில ஏணிய வைக்காதீகண்ணே, தரை ஓதம் அடிச்சுக் கெடக்கு, வழுக்கும். இங்கன வச்சு ஏறி, சீலிங்குக்கு அளவெடுங்க. ம், அதேதான். உத்திரத்துக்கு உத்திரம் நடுவுல சொருகியிருக்கதா? அம்புட்டும் காலண்டர் அட்டை. எங்க தெருக்காரரு ஒருத்தரு அச்சாபீஸ்ல வெட்டுற மிசின்ல நிக்காரு. கழிச்சுப் போட்ட அட்டைய மூட்டையாக் கட்டிக் குடுத்தாரு. நானே ஸ்டூல் போட்டு ஏறி அடுக்குனேன். சத்தம் கேக்காதுன்னாக. ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. பெறகு எலி வந்து குட்டி போட்டுருச்சு. சீ, அந்த நாத்தம் இன்னும் போகல பாருங்க.

அந்தா, கேட்டீகளா? டொக்குன்னு ஒண்ணு. பெறகு ஒரு இழுப்பு. திரும்ப டொக்கு. காலையில நான் அடுப்பப் பத்த வைக்கையில ஆரம்பிச்சா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாது. ஒவ்வொரு குத்துக்கும் காரை உதிருது. நேத்துக் கருவாட்டுக் கொழம்ப எறக்கி வச்சிட்டுத் திரும்புறேன், மேலாக்கச் சுண்ணாம்புத் தூளு மெதக்குது. அப்படியே சட்டியோட கொண்டு போயிச் சாக்கடையில ஊத்துனேன்.

வயசானவுகல்லாம் இல்லண்ணே. எங் கொழுந்தன், முனியராஜ். முப்பத்திநாலு வயசுதான். வலது காலு முட்டிக்குக் கீழ இல்ல, கக்கத்துல கட்டை வச்சு நடக்கான். அவனும் அவன் பொஞ்சாதி பாண்டிச்செல்வியும் மச்சுல. நானும் எங்க வீட்டுக்காரரும் கீழ. அண்ணந்தம்பி ரெண்டு பேரும் சேந்து ஒத்திக்குப் பிடிச்ச வீடு இது. முன்ன யாரோ பேப்பர் யாவாரி குடோனா வச்சிருந்தாகளாம். அதான் வெறும் பலகையப் பரப்பி மேல காரை பூசியிருக்கு. அங்கன ஒரு டம்ளரு உருண்டா இங்கன தேரு ஓடுது.

கால் இல்லாதவன மேல ஏன் வச்சிருக்கீகன்னுதான கேக்கீக? கேக்காத ஆளு இல்ல. ஆசுபத்திரியில இருந்து வந்த அன்னைக்கே பாண்டிச்செல்வி வந்து கேட்டா, கொஞ்ச நாளைக்கு வீட்ட மாத்திக்கிடுவோமாக்கான்னு. நான் எங்க வீட்டுக்காரரு மொகத்தப் பாத்தேன். இவரு, மச்சுக்குப் போனா பைக்க எங்க நிறுத்த, தெருவுல விட்டா பெட்ரோல உறிஞ்சிருவானுகன்னு சொல்லிக்கிட்டே சோத்தப் பெசையுறாரு. கூடப் பொறந்தவன ரெண்டு பேரு கைத்தாங்கலாத் தூக்கிப் படி ஏத்துறாக, இவருக்குப் பைக்கு. அன்னையில இருந்து இவரு சாப்பிடுற சத்தமே எனக்கு ஆகலண்ணே. மோரு ஊத்தி உள்ளங்கைய வச்சு உறிஞ்சுவாரு பாருங்க, எந்திரிச்சு வாசலுக்கு வந்துருவேன்.

எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. கட்டைக்கு அடியில மாட்டுற ரப்பர் புஷ்ஷு நாலு வாங்கிக் குடுத்து விட்டேன். ஒண்ணு ஒரு மாசம் தாங்கல, அம்புட்டு நடை. சாக்க மடிச்சு விரிக்கச் சொன்னேன். கட்டை தடுக்கி விழுந்து தாடையக் கிழிச்சுக்கிட்டான். அதோட சாக்கையும் சுருட்டியாச்சு. எனக்கு அவன் விழுந்ததவிட, விழுந்த பெறகு ஒரு மணி நேரம் சத்தம் இல்லாம இருந்துச்சே, அதுல ஒரு நிம்மதி வந்துச்சு. கருமம், அத என்னன்னு சொல்ல.

என்னது? கீழ அட்டை கட்டுனா பாதிதான் கொறையுமா? சத்தத்தப் பொறக்குற எடத்துலதான் அடக்கணுமா? ஓ, தரை முழுக்கக் கனமான ரப்பர் ஒட்டி, மேல பிளாஸ்டிக் சீட்டு விரிக்கணும். சுவத்துக்குச் சுவரு ஒட்டிட்டா கட்டையும் தடுக்காது. நல்ல யோசனைதான். ஆனா மச்சுல வேண்டாம்ணே.

தகராறெல்லாம் இல்ல. அவுக வேண்டாம்னு சொல்லவும் மாட்டாக. ரெண்டு வீட்டுக்கும் ஒரு வாய்ச்சண்டை வந்திருந்தாக்கூட எனக்கு இம்புட்டு இருந்திருக்காது. போன வாரம் ஆத்திரத்துல தொடப்பக்கட்டையத் திருப்பிப் பிடிச்சு மச்ச இடிச்சேன், நாலு இடி. செத்த நேரத்துல பாண்டிச்செல்வி கீழ எறங்கி வாரா. கையில ஒரு கிண்ணம் பணியாரம். அக்கா, கோவிச்சுக்கிடாதீக, அவர உக்காருங்கன்னு எவ்வளவோ சொல்லிட்டேன், உக்காந்தா அவருக்கு அழகுமீனா நெனப்பு வருதாம்க்கா. இத மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. அந்தப் பணியாரத்த அடுப்பாங்கரையில வச்சேன். எறும்பு மொய்க்கிறவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அழகுமீனா எங்களோட வேலை பாத்த பிள்ளை. சாத்தூர் ரோட்டுல ஒரு பட்டாசுக் கம்பெனி, பேரு எதுக்கு. எங்க வீட்டுக்காரரு மாரிக்கண்ணன் அங்க போர்மேன். முனியராஜ் மருந்து கலக்குறவன். அழகுமீனா அவன் ரூம்ல மருந்து அள்ளிக்கிட்டுப் போயிக் குழாயில செலுத்துவா. நான் திரி வேலை. கலந்த மருந்த அன்னன்னைக்கே முடிச்சிறணும்ணே. மிச்சம் வச்சு மறுநா அள்ளுனா உரசலுக்கே பிடிச்சுக்கும். ஒங்க ஊரு ஆமத்தூர்ல வெவரம் தெரியாத பிள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும். போன வருசம் சீசன்ல ஒரு ஆர்டர் அவசரம். முந்தின நா மிச்சம் ஒரு வாளி மருந்து ரூம்ல இருந்துச்சு. முனியராஜ் வேண்டாம்ணேன்னான். இவருதான், ஒண்ணும் ஆகாதுலே, அள்ளுன்னாரு. நான் திரிக்கட்ட வச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். என் காதாலயே கேட்டேன். கேட்டுட்டு எங்க ரூமுக்கு நடந்து போயிட்டேன். இவரும் ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டாரு. பத்து நிமிசம் ஆகல, அவன் ரூமு வெடிச்சிருச்சு.

அழகுமீனா அங்கனயே போயிட்டா. மூணு மாசத்துக்கு முன்னதான் கல்யாணம் ஆன பிள்ளை. முனியராஜுக்குக் காலு போச்சு. மண்டையில அடி வேற. அன்னைக்கு வேலைக்குக் கெளம்புனதே அவனுக்கு ஞாபகம் இல்ல.

விசாரணைக்கு வந்தாக. நான்தான் பாத்த சாட்சி. அதுக்கு மொத நா இவரு என் காலப் பிடிச்சு அழுதாரு. சளி ஒழுக ஒழுக என் சேலையில மொகத்தத் தொடச்சுக்கிட்டே அழுதாரு. அந்தச் சேலைய நான் அப்புறம் கட்டல. ஆனா போயிச் சொன்னேன். போர்மேன் வேண்டாம்னுதான் சொன்னாரு, எங் கொழுந்தன்தான் கேக்காம அள்ளுனாருன்னு. படிச்சுக் காட்டுனாக, கையெழுத்தும் போட்டேன்.

இவரா? இவருக்கென்ன. இப்ப வேற கம்பெனியில போர்மேன். மத்தியானச் சோத்துக்கு வருவாரு, தின்னுட்டு இந்த மச்சுக்கு அடியிலயே வாயத் தொறந்து படுத்து ஒறங்குவாரு. மேல நடக்குறது அவரு காதுல ஒருநாளும் விழுந்ததில்ல. சீலிங் எதுக்குடி, வீண் வேலைன்னுதான் சொன்னாரு.

ரப்பர் ஒட்டணும்னா நான் ஒங்ககூட மேல வந்து நிக்கணும்லண்ணே. நான் போனா அவன் கட்டைய ஊனி எந்திரிச்சு, வாங்க மதினின்னு எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவான். எஞ் சாட்சியத்த ஆசுபத்திரிக் கட்டிலுக்குப் போயி அவனுக்கும் வாசிச்சுக் காட்டுனாகளாம். மதினி பாத்தாகன்னா அப்பிடித்தான் நடந்திருக்கும், எங்க மதினி பொய் சொல்ல மாட்டாகன்னு சொன்னானாம். அந்தப் பிள்ளையத் தாந்தான் கொன்னுட்டோம்னுதான் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு இருக்கான். படியேறிப் போயி நான் ஒரு வார்த்தை சொன்னா உக்காந்துருவான். எனக்கு வாய் வரல. நீங்க கீழயே ரெண்டு அடுக்காப் போட்டுருங்கண்ணே.