பளபளத்த பக்கத்தில் வைத்த பொட்டு

அவைக்குத் தலைமை ஏற்று, எனக்கு ஐந்தே நிமிடம் என்று சீட்டும் அனுப்பிவிட்ட அண்ணன் தேசப்பன் அவர்களே, திருவொற்றியூர்ப் படிப்பகத்தைத் தோளில் தாங்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் கேள்வியை நாவிலும் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் சைக்கிளை விட்டு இறங்காத தோழர்களே, இந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுப் பொங்கல் விழாவில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பக்தவச்சலத்தின் வணக்கம்.

நான் இன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், இன்னும் சொல்லவே இல்லை.

நம் படிப்பகத்துக் கணினியில் என்ன இருந்தது? எந்தத் தெருவில் எந்த மணிக்கு ஆலைப் புகை இறங்கியது, இதோ முன்வரிசையில் இருக்கும் கன்னியம்மாவின் மகள் எந்தத் தேதியில் மூச்சுத் திணறினாள் என்று, மூன்றாண்டுக் காலம் வீடு வீடாய்க் கேட்டு, நம் ரஹீமுன்னிசா தட்டச்சு செய்த பட்டியல் இருந்தது. திங்கட்கிழமை ஆலைப் புகை பற்றி அதிகாரிகள் முன் விசாரணை. வெள்ளிக்கிழமை கணினி படுத்துவிட்டது.

யாரைக் குறை சொல்வது? விண்டோஸையா? நாம் போட்டிருந்ததே ஓசியில் வாங்கிய கள்ளப் பிரதி. கண்ட பிளாப்பியையும் செருகினோம், வைரஸ் வந்தது. பழுது பார்க்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்" என்றார். அழிப்பதா? மூன்றாண்டு மூச்சுத் திணறலை ஒரு நொடியில் அழிப்பதா?

ரஹீமுன்னிசா அழவில்லை. அலமாரியைத் துழாவி, கணினிப் பத்திரிகையோடு இலவசமாய் வந்த, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் குறுந்தகடு ஒன்றை எடுத்தார். "உள்ள எதையும் தொடாம, தகட்டுலருந்தே மிஷினு எழுந்துக்குமாம் அண்ணே. உள்ள கீறத எட்டிப் பாத்துக்கலாம்" என்றார். விண்டோஸ் இல்லாமல் கணினியா? எனக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிதாய் ஆசை. செருகினோம். கரகரவென்று சத்தம், திரை கறுப்பு. மறுபடி செருகினோம், மறுபடி கறுப்பு.

தகட்டை வெளியே எடுத்துப் புரட்டினார். என்னைப் பார்த்தார். "அண்ணே, இன்னா இது?"

அன்பர்களே, ஆயுத பூஜை அன்று கிரேனின் கைப்பிடி, சக்கரம் எதையும் விடாமல் பொட்டு வைக்கிறவன் நான். அதே பக்தியோடு படிப்பகத்துக்கும் வந்தேன். திரைக்கு வைத்தேன், விசைப்பலகைக்கு வைத்தேன், மௌசுக்கும் வைத்தேன். அந்தக் குறுந்தகட்டில் எழுத்திருந்த பக்கம் முதுகு, பளபளத்த பக்கம் முகம் என்று நினைத்து, முகத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். கணினி படிக்க வேண்டிய பக்கமே அதுதானாம். சிரியுங்கள், இப்போது சிரிக்கலாம்.

"நான்தாம்மா வச்சேன்" என்றேன். "வச்சது சரி அண்ணே, வச்ச எடந்தான் பேஜாரு" என்று சொல்லி, துப்பட்டா முனையை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லத் துடைத்தார். செருகினார். எழுந்தது. திரையில் ஒரு பென்குயின் வந்து உட்கார்ந்தது, அதுதான் லினக்ஸின் சின்னமாம். பட்டியல் ஒரு வரி குறையாமல் இருந்தது. பிளாப்பியில் ஏற்றி, பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, திங்கட்கிழமை மேசையில் வைத்தோம். ஆலைக்கு நேரில் வந்து சோதிப்பதாக அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என்ன கன்னியம்மா? "சும்மா குடுக்கிறான்னா இன்னாத்துக்குக் குடுக்கிறான்?" என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன் தாயே. இந்த லினக்ஸ் உலகமெங்கும் பலர் கூடி எழுதியதாம். திறந்து பார், திருத்து, நகலெடு, அடுத்தவருக்குக் கொடு என்கிறார்களாம். இருபது ஆண்டாய்க் கிரேன் ஓட்டுகிறேன், அதன் வயிற்றில் என்ன நடக்கிறது என்று எவரும் எனக்குத் திறந்து காட்டியதில்லை. நம் பிள்ளைகள் இழுக்கும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்றும் எவரும் சொன்னதில்லை. உள்ளே பார் என்று என்னை அழைத்த முதல் இயந்திரம் இதுதான். எல்லாம் எளிது என்று ஏமாற்ற மாட்டேன். நம் பிரிண்டர் இன்னும் அதோடு பேச மறுக்கிறது.

ரஹீமுன்னிசா நாற்பது தகடுகளில் நகலெடுத்து வாசலில் வைத்திருக்கிறார். கள்ளப் பிரதி அல்ல, உரிமையோடு கொடுக்கும் பிரதி. பொட்டு வைப்பவர்கள் உறையின் மேல் வையுங்கள்.

மணி அடிக்காதீர்கள் அண்ணே, முடித்துவிட்டேன். கன்னியம்மாவின் மகள் பெயர் அந்தப் பட்டியலில் பதினேழு இடத்தில் இருக்கிறது. பதினெட்டாவது முறை எழுதுமுன், சோதிக்க வருகிறவர்களிடம் நாமெல்லாரும் சேர்ந்து கேட்போம்: உள்ளே என்ன இருக்கிறது, திறந்து காட்டுங்கள். என் குற்றத்தைச் சிரித்தே மன்னித்த உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.