பன்னிரண்டில் பதின்மூன்று

பருத்தித்துறை பஸ் புத்தூரைத் தாண்டும்போது, என் பின் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள்: "எங்கடை கிணத்திலை பன்னிரண்டிலை பதின்மூண்டு பங்கு கிடக்கு."

"அதெப்பிடியடி?" என்றாள் அவளுடைய சிநேகிதி.

"மகளுக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதவேணுமெண்டு, எங்கள் மூண்டு சகோதரியளின்ரை உறுதியையும் எடுத்துப் பாத்தன். அக்காவுக்கு அரைவாசிக் கிணறு. எனக்கு மூண்டிலை ஒண்டு. தங்கச்சிக்குக் கால்."

"சரியாத்தானே கிடக்கு?"

"கிணத்தைப் பன்னிரண்டாப் பிரிச்சுப் பார். அக்காவுக்கு ஆறு, எனக்கு நாலு, தங்கச்சிக்கு மூண்டு."

சிநேகிதி விரல் மடக்கி எண்ணினாள். நானும் மடியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்றுதான்.

"உன்ரை அப்பா பிழை விட்டிட்டாரோ?"

"ஒவ்வொரு கலியாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டமாதிரி எழுதிக் குடுத்திருக்கிறார். பழைய உறுதியைப் பாக்கேல்லை."

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?"

"மூண்டு வீடும் அள்ளுது, கிணறு ஊறுது. ஆர் கூட்டிப் பாக்கிறது?"

"அப்ப மகளுக்கு எவ்வளவு எழுதப் போறாய்?"

"மூண்டிலை ஒண்டுதான். என்ரை உறுதியிலை அப்பிடித்தானே கிடக்கு."

"அந்தக் கூடின பங்கு ஆரின்ரை?"

"ஆவணி வரட்டும். தண்ணி அடிக்குப் போகேக்கை, வாளியோடை ஆர் கடைசியா வாறாளோ, அவளின்ரை."